மினெர்வுவா: தென் பிரான்சின் கலவைச் சிவப்பு ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுச்சேரிக்காரன். இப்போது குடும்பத்தோடு பிரான்சின் தெற்கே நார்போன் ஊரில் இருக்கிறேன். வீட்டுக்கு வருகிற உறவினரையும் நண்பர்களையும் அருகிலுள்ள மினெர்வுவா திராட்சைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. செப்டம்பரில் தெரிந்த ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் நானும் குலை வெட்டப் போவேன். போகிற வழியெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

மினெர்வுவா என்பது திராட்சையின் பெயரா, கம்பெனியின் பெயரா?

இரண்டும் இல்லை, ஒரு நிலப்பகுதியின் பெயர். கார்காசோனுக்கும் நார்போனுக்கும் நடுவே, வடக்கே மொந்தாஞ் நுவார் என்கிற கறுப்பு மலைக்கும் தெற்கே ஓத் ஆற்றுக்கும் இடையில் சரிந்து இறங்கும் நிலம் அது. ஓத், ஏரோ என்ற இரண்டு மாவட்டங்களில் சுமார் 60 ஊர்கள் இதில் அடங்கும். நடுவில் மினெர்வ் என்ற சின்ன ஊர் இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு மேலே பாறையில் உட்கார்ந்திருக்கிறது. 1210இல் முற்றுகையிடப்பட்டு, கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சுமார் 140 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட ஊர். பகுதிக்கே அதன் பெயர்தான்.

புட்டியில் 'மினெர்வுவா' என்று போடுவதற்கு அந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை வேண்டும். இன்னின்ன ரகம், இவ்வளவு மகசூல் என்ற விதிகளும் உண்டு. சிவப்பு, வெள்ளை, 'ரோஸ்' என்கிற இளஞ்சிவப்பு மூன்றும் இந்தப் பெயரில் வருகின்றன என்றாலும் பெரும்பகுதி சிவப்புதான். இந்தப் பெயருக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது 1985இல்.

கலவை என்றால் கலப்படம்தானே? மிச்சம் மீதியை ஒன்றாக ஊற்றி விற்கிறார்களா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நம் மொழியில் 'கலந்தது' என்றாலே பாலில் தண்ணீர் நினைவுக்கு வருவதால் சந்தேகம் வருவதும் நியாயம். ஆனால் இங்கே கலவை என்பது குறையை மறைக்கும் வேலை இல்லை. மினெர்வுவா என்ற பெயரில் சிவப்பு ஒயின் விற்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு ரகத் திராட்சையாவது சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரே ரகத்தில் செய்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு இந்தப் பெயர் கிடையாது.

காரணம் நிலத்தில் இருக்கிறது. இங்கே வெயில் கடுமை, மழை குறைவு, வருடத்தில் பெரும்பாலான நாள் காற்று. ஒரு ரகத்தை மட்டும் நம்பினால் ஒரு வருடம் பனியில் போகும், இன்னொரு வருடம் வறட்சியில் போகும். 2021 ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் ஓர் இரவு பிரான்ஸ் முழுக்க உறைபனி அடித்தது. சீக்கிரம் துளிர்த்த கொடிகள் கருகின. தாமதமாகத் துளிர்க்கும் கரிஞான் போன்றவை பல இடங்களில் தப்பின. நாலு ரகம் வைத்திருந்தவருக்கு ஏதோ ஒன்றாவது கைகொடுத்தது. குடிக்கிறவர் வாயில் தெரிகிற ருசிக்கு முன்னால், பயிர் வைக்கிறவருக்குக் கலவை ஒரு பாதுகாப்பு.

சரி, என்னென்ன ரகம்? எது எதற்கு?

ஐந்து பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: சிரா, கிரனாஷ், மூர்வெத்ரு, கரிஞான், சான்சோ.

சிரா நிறத்தையும் நறுமணத்தையும் தருகிறது. கறுத்த பழ வாசனை, கூடவே மிளகு. அந்த மிளகு வாசனை வெறும் கற்பனை அல்ல. 'ரோட்டண்டோன்' என்ற பொருள்தான் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டு மிளகிலும் இருப்பது அதே பொருள்தான். சிராவின் கிளைகள் நீளமாக வளர்ந்து காற்றில் ஒடியும். அதனால் கம்பி கட்டித்தான் வளர்க்க வேண்டும்.

கிரனாஷ் ஸ்பெயினிலிருந்து வந்தது. குட்டையாக, நிமிர்ந்து, காற்றையும் வறட்சியையும் தாங்கி நிற்கும். சர்க்கரை நிறையச் சேரும், அதனால் ஆல்கஹால் கூடும். ஸ்ட்ராபெரியை வெயிலில் வாட்டியதுபோல ஒரு மணமும் வாயில் உருண்டையான ஒரு நிறைவும் தரும். நிறம் குறைவு. கொடி காற்றைத் தாங்கினாலும், ஒயின் காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்துப்போகும் என்பதால் பலர் இதை மரப் பீப்பாயில் வைக்காமல் சிமெண்டுத் தொட்டியிலேயே வைக்கிறார்கள்.

மூர்வெத்ரு தாமதமாகப் பழுக்கும், தடித்த தோல், இறுக்கமான துவர்ப்பு. வெயில் நன்றாகப் படுகிற இடத்தில் மட்டுமே சரியாக வரும். சான்சோ மென்மையானது, ரோஸ் ஒயினிலும் சிவப்பை இளக்கவும் உதவும். கரிஞான் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கீழே தனியாக வருகிறது. இப்போதைக்கு ஒன்று: வெயில் ஊரில் புளிப்பை விடாமல் வைத்திருக்கும் ரகம் அது.

எப்போது கலக்கிறார்கள்? திராட்சையாகவே சேர்த்து அரைத்துவிடுவார்களா?

சில தோட்டங்களில் அப்படியும் உண்டு. வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு ரகமும் பழுக்கும் நாள் வேறு என்பதால் தனித்தனியாக அறுத்து, தனித்தனித் தொட்டியில் நொதிக்கவைத்து, குளிர்காலத்தில் கலப்பது.

ஒரு ஜனவரியில் நான் குலை வெட்டப் போகும் குடும்பத்தின் நிலவறையில் அதைப் பார்த்தேன். ஒரு பீப்பாயைக் கவிழ்த்து, அதன் மேல் நாலு புட்டி, ஒரு அளவுக் குடுவை, பென்சிலால் எழுதிய ஒரு தாள். முதலில் ஒவ்வொன்றையும் தனியாகக் குடிக்கக் கொடுத்தார்கள். கிரனாஷ் தனியாக இதமாக இருந்தது, ஆனால் நாக்கில் நிற்கவில்லை. சிரா மூக்குக்கு அழகு, நடுவில் ஒரு பள்ளம். கரிஞான் தனியாகப் புளித்து முகத்தைச் சுளிக்கவைத்தது. அப்புறம் தோட்டக்காரர் குடுவையில் 50 மில்லி சிரா, 40 கிரனாஷ், 10 கரிஞான் ஊற்றி நீட்டினார். அந்தப் பத்துதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தியது. முகம் சுளிக்கவைத்த அதே புளிப்பு, பத்தில் ஒரு பங்காகச் சேர்ந்ததும் மற்ற இரண்டையும் கூர்மையாக்கிவிட்டது. அப்படி ஏழெட்டு விகிதம் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் துப்பிவிட்டு, கடைசியில் இரண்டை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் புது வாயோடு மறுபடி பார்க்கலாம் என்று எழுந்தார்கள்.

அப்படியானால் விகிதம் வருடா வருடம் மாறுமா? போன தடவை வாங்கியதே இந்தத் தடவை வேறு மாதிரி இருந்தது.

மாறும். கிரனாஷ் பூக்கும்போது குளிர்மழை வந்தால் பூ உதிர்ந்து காய் பிடிக்காது. அந்த வருடக் கலவையில் கிரனாஷ் குறையும். எந்தெந்த ரகம் சேரலாம் என்பதற்கு விதி எல்லை வகுக்கிறது, அதற்குள் விகிதத்தைத் தீர்மானிப்பது தோட்டக்காரர். சில பெரிய விற்பனையாளர்கள் ருசி மாறாமல் இருக்கக் கலவையைச் சரிக்கட்டுவார்கள். சிறு தோட்டங்களில் அந்த வருடத்தின் வானிலை அப்படியே புட்டிக்குள் இருக்கும். எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

குடித்ததும் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அதுதான் துவர்ப்பு. ஆறு சுவையில் ஒன்றாகவே அதை எண்ணி வைத்திருக்கிறோம். வாழைப்பூ, பிஞ்சு மாதுளைத் தோல், பாக்கு, இவற்றைத் தெரிந்த நாக்குக்கு இதில் புதிது எதுவும் இல்லை. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்துகொள்வதால் வாய் வறண்டதுபோல இருக்கும். கசப்பு வேறு, இது வேறு.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டது. காடி வாசனை தூக்கலாக வந்தால் ஒயின் காடியாகிக்கொண்டிருக்கிறது.

இனிப்பே இல்லையே! சர்க்கரை சேர்க்க மாட்டார்களா?

திராட்சையில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுவதும் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. லிட்டருக்குச் சில கிராம்தான் மிஞ்சும், நாக்குக்குத் தெரியாது. கிரனாஷ் கூடுதலாக இருந்தால் பழ வாசனையும் ஆல்கஹாலும் சேர்ந்து இனிப்பதுபோல ஒரு மயக்கம் தரும், அவ்வளவுதான்.

குளிர்ப் பிரதேசங்களில் திராட்சை சரியாகப் பழுக்காத வருடம், நொதிக்கும்போது சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலைக் கூட்டும் வழக்கம் உண்டு. இங்கே மூட்டைச் சர்க்கரை சேர்க்க அனுமதி இல்லை. வெயிலே போதும். அதோடு, சர்க்கரை என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் ஒரு பழைய காயம் இருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

1907 என்று அங்கங்கே கல்வெட்டும் தெருப் பெயரும் இருக்கிறதே, அது என்ன?

கலவையைக் கலப்படம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் கட்டாயம் சொல்லும் கதை இது. 1860களில் ஃபிலோக்செரா என்ற நுண்ணிய பூச்சி வேரைத் தின்று பிரான்சின் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பினார்கள். இன்றும் அநேகமாக எல்லாக் கொடியும் அப்படி ஒட்டுக்கட்டியதுதான். ஒயின் தட்டுப்பாடான அந்த இடைக்காலத்தில் சர்க்கரை, தண்ணீர், உலர்திராட்சை ஆகியவற்றை வைத்து 'ஒயின்' செய்து விற்கக் கற்றுக்கொண்டார்கள். கொடிகள் மீண்டு வந்த பிறகும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. விளைச்சல் பெருகி, அல்ஜீரியாவிலிருந்தும் ஒயின் வந்து குவிந்து, விலை அடிமட்டத்துக்குப் போனது. விளைவித்தவர்கள் கடனில் மூழ்கினார்கள்.

1907 மார்ச் 11 அன்று அர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நார்போனுக்கு நடந்தே வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம்தான் அந்த ஊர். முன்னால் நின்றவர் மார்செலான் அல்பேர், சின்னக் காபிக்கடை வைத்திருந்த திராட்சை விவசாயி. ஒவ்வொரு ஞாயிறும் ஓர் ஊர் என்று கூட்டம் பெருகியது: நார்போன், பெசியே, பெர்பிஞான், கார்காசோன், நீம். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டதாகச் சொல்வார்கள். பிரதமர் கிளெமான்சோவின் அரசு படையை அனுப்பியது. ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். செய்தி கேட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படை துப்பாக்கிகளோடு கலகம் செய்து பெசியே நகருக்கு நடந்தது. பிறகு அந்தப் படையைத் துனீசியாவில் உள்ள காஃப்சாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 29 அன்று, ஒயினில் தண்ணீர் கலப்பதையும் சர்க்கரையை முறைகேடாகச் சேர்ப்பதையும் தடுக்கும் சட்டம் வந்தது. அதே வருடம் செப்டம்பரில், புதுத் திராட்சையோ அதன் சாறோ நொதித்து வருவது மட்டுமே ஒயின் என்று அரசாணை வகுத்தது. ஆக, ரகங்களைச் சேர்க்கும் இந்த ஊர்க்காரர்கள்தான் கலப்படத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கி, உயிரையும் கொடுத்தவர்கள்.

தைம், ரோஸ்மேரி வாசனை வருகிறதே. மூலிகை ஏதும் போடுகிறார்களா?

ஒன்றும் போடுவதில்லை. தோட்டங்களைச் சுற்றியுள்ள புதர்க்காட்டுக்குக் 'காரிக்' என்று பெயர். சுண்ணாம்புப் பாறையில் தைம், ரோஸ்மேரி, ஜூனிபர், குட்டை ஓக் எல்லாம் நெருங்கி வளரும். ஜூலை மதியத்தில் உள்ளே கால் வைத்தால் மிதிபடும் இடமெல்லாம் மணக்கும். ஒயினிலும் அதே சாயல் தெரிவதால் 'காரிக் வாசனை' என்கிறார்கள்.

அந்த மணம் காட்டிலிருந்து காற்றில் வந்து திராட்சைத் தோலில் படிகிறதா, அல்லது சிரா, கிரனாஷ் ரகங்கள் இந்த வெயிலில் தாமாகவே உண்டாக்குகின்றனவா என்பதில் விவசாயிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பகுதி ரகத்திலிருந்தே வருகிறது என்பது என் எண்ணம். காட்டு ஓரத்துத் தோட்டக்காரரிடம் மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

ஒரு வாரம் தங்கினால் நீங்களும் பேசுவீர்கள். மேற்கு, வடமேற்கிலிருந்து வருவது செர்ஸ்: வறண்டது, பலத்தது. ரோமானியர் காலத்திலேயே இதற்குப் பேர் உண்டு. பேரரசர் அகஸ்தஸ், ரோமானியர் 'கால்' என்று அழைத்த இந்த நாட்டில் இருந்தபோது இந்தக் காற்றுக்கு ஒரு கோவில் நேர்ந்துகொண்டதாக ரோமானிய எழுத்தாளர் செனெகா எழுதியிருக்கிறார். கதவைப் பிடுங்கும் காற்று என்றாலும் ஊர்க்காரர் அதை நன்றியோடுதான் நினைப்பார்கள். மழைக்குப் பிறகு இலையை உலர்த்திப் பூஞ்சையை விரட்டுவது அதுதான். அதனால் மருந்தடிப்பு குறையும், இயற்கை முறை விவசாயமும் எளிதாகும்.

கடலிலிருந்து வருவது மாரன், ஈரக்காற்று. கோடையில் கொடிக்கு ஆறுதல், அறுவடை நேரத்தில் பயம்.

அப்படியானால் மினெர்வுவா முழுக்க ஒரே ருசியா?

இல்லவே இல்லை. ஆற்றோர மேட்டில் உருண்டைக் கல், நடுவில் களிமண்ணும் மணற்கல்லும், மேலே சுண்ணாம்புப் பாறை, மலையடியில் சிஸ்ட் பாறை. தாழ்விடத்தில் பழம் கொழுத்து இளகும். மேலே ஏற ஏற இரவு குளிரும், புளிப்பும் மணமும் தங்கும். அப்படி மலையடியில் உள்ள லா லிவினியேர் பகுதிக்கு 1999இல் தனி அங்கீகாரம் கிடைத்தது. அதன் ஒயின் இறுக்கமாக, கறுத்து, சில வருடம் வைத்துக் குடிக்கும்படி இருக்கும்.

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: சாதாரண மினெர்வுவா ஒன்று, லா லிவினியேர் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். நிலம் என்று ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது புரியும்.

போர்தோவும் கலவைதானே, கோத் து ரோனும் கலவைதானே? இதில் என்ன விசேஷம்?

போர்தோ அட்லாண்டிக் பக்கம். அங்கே கபெர்னே சோவின்யோன், மெர்லோ. ஈரமான பருவநிலை, ருசியில் பென்சில் சீவியதுபோன்ற, பச்சிலை போன்ற வாசனைகள். ரோன் ஆற்றின் தென்பகுதியோ மினெர்வுவாவுக்குப் பங்காளி முறை: அதே கிரனாஷ், சிரா, மூர்வெத்ரு. ஆனால் அங்கே பெரும்பாலும் கிரனாஷ்தான் தலைமை. அந்தப் பகுதியின் பேர்பெற்ற ஷத்தோநஃப் து பாப் ஒயினுக்கு 13 ரகங்கள் வரை அனுமதி உண்டு. இங்கே சிராவுக்கு இடம் அதிகம், பழைய கரிஞானும் இருப்பதால் ஒரு முரட்டுத்தனம், ஒரு புளிப்பு. இனிமையை எதிர்பார்த்தால் ரோன் பிடிக்கும். எனக்கு அந்த முரட்டுத்தனம்தான் பிடிக்கிறது.

விலை கம்மியாக இருக்கிறதே, தரமும் கம்மிதானா?

ரயில் வந்த காலம் தொட்டு இந்தப் பகுதி வடக்கத்தித் தொழிலாளிகளுக்கு மலிவான சிவப்பு ஒயினை மொத்தமாக அனுப்பியது. அரமோன் என்ற ரகம், கணக்கில்லாத மகசூல், தண்ணீர் மாதிரி ஒயின். அந்தப் பேர் நூறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரான்சில் நல்ல மினெர்வுவா ஒரு புட்டி 8 முதல் 15 யூரோவுக்குக் கிடைப்பது அதனால்தான். அதே உழைப்புக்குப் பெயர் பெற்ற பகுதிகளில் பல மடங்கு கொடுக்க வேண்டும். இந்தியாவில் இறக்குமதி வரியும் மாநில வரியும் சேர்ந்து அந்த நியாயத்தைக் கெடுத்துவிடுகின்றன.

கூட்டுறவு நிலவறை ஒயின் என்றால் ஒதுக்காதீர்கள். 1901இல் பக்கத்து மாவட்டத்தின் மரோசான் ஊரில் தொடங்கிய வழக்கம் அது. இன்றும் சிறு நிலக்காரர்கள் பலர் பிழைப்பது கூட்டுறவால்தான், நல்ல ஒயினும் அங்கே கிடைக்கிறது.

நாங்கள் சைவம். இது சைவமா?

எப்போதும் அல்ல. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின் போன்றவை பயன்படுவதுண்டு. பிறகு வடித்து எடுத்துவிடுகிறார்கள் என்றாலும் தொட்டதே தவறு என்பவர்கள் கவனிக்க வேண்டும். களிமண் வகையோ பட்டாணிப் புரதமோ போட்டுத் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலே விடுபவர்களும் உண்டு. லேபிலில் 'வேகன்' என்று இருந்தால் நிம்மதி. முட்டையோ பாலோ மிஞ்சியிருந்தால் ஐரோப்பிய விதிப்படி அதை எழுதியாக வேண்டும்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அதை நம்பிக் குடிக்காதீர்கள். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோயை உண்டாக்குபவை பட்டியலில் ஆல்கஹாலும் இருக்கிறது. குடிக்காதவர்கள் தொடங்க இது ஒரு காரணமே இல்லை. என் வீட்டில் யார் கேட்டாலும் இதே பதில்தான்.

எந்தச் சூட்டில் குடிப்பது, எதோடு சாப்பிடுவது?

16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பம்' என்று புட்டியில் போட்டிருப்பது குளிர்நாட்டு அறையை. நம் ஊர் அறையில் 30 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இங்கே காசூலே என்ற வெள்ளைப் பீன்ஸ், வாத்து, தொத்திறைச்சிக் குழம்போடு, அல்லது சுட்ட ஆட்டுக்கறியோடு குடிப்பார்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். நம் சமையலில் மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் நன்றாகப் பொருந்தும். சிராவில் மிளகுப் பொருள் இருப்பதாகச் சொன்னேனே. மிளகாய்க் காரம் மட்டும் ஒத்துவராது. ஆல்கஹால் அந்த எரிச்சலை இரட்டிப்பாக்கும்.

லேபிலில் 'வியேய் வீஞ்' என்று போட்டு விலை கூட்டியிருக்கிறார்கள். உண்மையா, ஏமாற்றா?

'முதிய கொடிகள்' என்று பொருள். எத்தனை வயது இருந்தால் முதியது என்று சட்டத்தில் இல்லை. 30 வயதுக்கும் போடுவார்கள், 100 வயதுக்கும் போடுவார்கள். தோட்டக்காரரிடம் வயதைக் கேளுங்கள். மெய்யாகப் போட்டவர் நட்ட வருடத்தையே சொல்வார்.

இந்தப் பகுதியில் மிக முதிய கொடி என்றால் பெரும்பாலும் கரிஞான். கம்பி இல்லாமல் குட்டையாக, கிண்ணம்போல விரித்துக் கத்தரித்திருப்பார்கள். இயந்திரம் உள்ளே போகாது. முதுகை வளைத்துக் கையால்தான் வெட்ட வேண்டும். நாள் முடிவில் இடுப்பு சொல்லும். இளமையில் அளவில்லாமல் காய்த்து நீர்த்த ஒயின் தரும் ரகம், வயதாகிக் காய்ப்பு குறைந்ததும் அடர்த்தியாகிவிடுகிறது.

வாழைப்பழம், மிட்டாய் வாசனை வரும் மினெர்வுவா ஒன்று குடித்தேன். அதுவும் கலவைதானா?

கலவைதான், செய்முறை வேறு. குலையை நசுக்காமல் முழுசாகக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் போட்டு மூடினால், ஒவ்வொரு பழத்துக்குள்ளேயும் நொதித்தல் தொடங்கும். பழ மணம் தூக்கலாகும், துவர்ப்பு குறையும். கரிஞானின் முரட்டுத்தனத்தை அடக்க இந்தப் பகுதியில் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்துக் காத்திருக்க வேண்டாம், ஒன்றிரண்டு வருடத்தில் குடித்துவிடுங்கள்.

அதே தோட்டக்காரர் 'பே தோக், சிரா' என்று ஒரே ரகமாகவும் விற்கிறாரே! கலவை கட்டாயம் என்றீர்களே?

கட்டாயம் மினெர்வுவா என்ற பெயருக்குத்தான். 'பே தோக்' என்பது தென்கடற்கரை முழுவதையும் தழுவிய பரந்த பெயர். விதிகள் தளர்வு, ரகத்தின் பெயரை முன்னால் போடலாம். ஊர்ப் பெயர் தெரியாத வெளிநாட்டவருக்கு ரகப் பெயர் எளிது என்பதால் பலர் இரண்டும் செய்கிறார்கள்.

இன்னொன்று. ஐரோப்பிய விதிப்படி ஒரு ரகத்தின் பெயரைப் போட அந்த ரகம் 85 சதவீதம் இருந்தால் போதும். ஆக, 'சிரா' என்று வாங்கும் புட்டியிலும் 15 சதவீதம் வரை வேறு ரகம் இருக்கலாம்.

14.5 சதவீதம் ஆல்கஹால்! முன்பெல்லாம் இவ்வளவு இல்லை என்கிறார்கள். வெயில் இப்படியே ஏறினால் இந்தக் கலவை என்னவாகும்?

வெப்பம் கூடினால் திராட்சையில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது; தோலும் விதையும் பழுப்பதற்குள் அறுக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்தால் ஆல்கஹால் ஏறி, புளிப்பு இறங்கிவிடும். 2019 ஜூன் 28 அன்று ஏரோ மாவட்டத்தின் வெரார்க் ஊரில் 46 டிகிரி பதிவானது. அந்த நாளில் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் இலையும் பிஞ்சும் தீப்பந்தம் காட்டியதுபோலக் கருகின. இப்போது ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்குகிறது. பழம் சூடேறாமல் இருக்க இரவில் அறுக்கிறார்கள்.

விகிதமும் மாறத் தொடங்கியிருக்கிறது. சிராவுக்கு இந்த வறட்சி கஷ்டமாகிறது. புளிப்பை விடாத கரிஞானையும் சான்சோவையும் மறுபடி தேடுகிறார்கள். 1980களிலும் 90களிலும் கரிஞானைப் பிடுங்குவதற்கு ஐரோப்பிய மானியமே கொடுத்தார்கள். தரமான ரகம் என்று சிராவை நட்டார்கள். நான் குலை வெட்டப் போகும் வீட்டுப் பெரியவரும் அப்போது பிடுங்கியவர்தான். மகன் பேச்சைக் கேட்காமல் வேலியோரம் ஒரு வரிசையை மட்டும், தன் அப்பா நட்டது என்று விட்டுவைத்திருந்தார். போன குளிர்காலத்தில் அந்த வரிசையிலிருந்து குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, ஒட்டுக்கட்ட நாற்றங்காலுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அரை ஹெக்டேருக்கு நடப் போகிறார்கள்.